அறுபத்து மூன்று கிலோமீட்டர் வீடு

ரிம்காரர் வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு உள்வழியாக நடந்தால் அறுபத்து மூன்று கிலோமீட்டர். தெருவைச் சுற்றிக்கொண்டு வெளிவழியாகப் போனால் நூற்று நாற்பது தப்படி. இந்தக் கணக்கில் இப்போது யாருக்கும் தகராறு இல்லை. வீட்டை அளக்க வந்த நகராட்சி ஊழியர் மட்டும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. டேப்பின் நுனியை முன்வாசல் நிலையில் மாட்டிவிட்டு உள்ளே போனவர், நாலாம் நாள் தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்து, 'வெளி அளவுப்படி' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கட்டும்போது அந்த வீடு முப்பத்தாறு அடி நீளந்தான். வரிசை வீடுகளில் ஒன்று; இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னறை, அதிலிருந்து நேராக ஒரு நடை, நடையின் ஓரமாகப் படுக்கையறை, குளியலறை, சமையலறை, கடைசியில் சந்துப் பக்கம் பார்த்த பின்னறை. பின்னறையில் மனைவி பள்ளிச் சீருடை தைத்தாள். தெருவுக்கு அவள் தையல்காரம்மா. கணவர் கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தார். தொழிற்சாலையை ஒரு செவ்வாய்க்கிழமை மூடினார்கள். புதன்கிழமையிலிருந்து முன்னறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் இருவருக்கும் இடையே கூப்பிடு தூரங்கூடக் கிடையாது. அவர் தொண்டையைச் செருமினால் அது சளியா, கோபமா, வெந்நீர் வேண்டுமென்பதா என்று மெஷினை நிறுத்தாமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

உட்கார்ந்திருந்தவரை எழுப்பியது அவளுடைய தம்பி. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். இன்ஜின் பரவாயில்லை, சக்கரங்கள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. "மாமா, சும்மாதானே இருக்கீங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நான்கையும் கழற்றிக் கொண்டுவந்து போட்டான். சும்மா என்ற சொல் அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சக்கரங்களைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரிம்மில் கறுப்பாக அப்பியிருந்த பிரேக் தூளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். நடைபாதை விளிம்பில் உரசிய கீறல்களை அரத்தால் ராவி, பள்ளங்களில் பட்டி பூசி, காய்ந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். முதலில் முரட்டுத்தாள், அப்புறம் நடுத்தரம், கடைசியில் விரலுக்கே தெரியாத நைசு. டயரில் பெயிண்ட் படக்கூடாதே என்று ரிம்முக்கும் டயருக்கும் இடையே சுற்றிலும் சீட்டுகளைச் செருகினார். ஜோக்கரையும் சேர்த்தால் ஒரு கட்டு ஒரு சக்கரத்துக்குச் சரியாக இருக்கும். சாம்பல் பிரைமர் மூன்று பூச்சு, வெள்ளி நிறம் மூன்று பூச்சு, மேலே பளபளப்புக்குக் கிளியர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி நேரப் பொறுமை. தம்பி வந்து பார்த்து, புதுசு வாங்கிட்டீங்களா என்று கேட்டான். போன உயிர் அந்தக் கேள்வியில்தான் அவருக்குத் திரும்பி வந்தது.

குளியலறைக் குழாயும் அன்றைக்குத்தான் அடைத்துக்கொண்டது. சாம்பல் நிறச் சேறு இரண்டு நாள் கணுக்கால் அளவுக்கு நின்றது. தையல்காரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குச்சியை விட்டுக் குடைந்தபடியே சொன்னாள்: "இனிமே பாத்ரூம்ல ஒரு சக்கரத்தைப் பார்த்தேன், நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." அம்மா வீடு என்று ஒன்று இல்லாமல் போய் ஒன்பது வருஷமாகியிருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அடுத்து வந்த சக்கரங்களை அவர் முன்னறையிலேயே போட்டு, தண்ணீர் இல்லாமல் காய்ந்த தேய்ப்பாகத் தேய்த்தார். தெருவில் வைத்துத் தேய்க்கலாமே என்றால், அங்கே பெயிண்ட் காய்வதற்குள் ஓர் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் வாசல் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, காற்றுக்காக நடையைப் பார்த்த கதவை மட்டும் திறந்து வைத்தார். தூசி முழுக்க அந்த வழியாக வீட்டுக்குள் போய்ப் படிந்தது.

முதலில் ஆறியது டீ. அடுப்பிலிருந்து இறக்கி நேரே கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். ஒரு மாதம் இதற்காகச் சண்டை நடந்தது. அவள் டம்ளரை மாற்றினாள், அடுப்பை ரிப்பேர் பார்த்தாள், ஒருநாள் கோபத்தில் கொதிக்கக் கொதிக்க எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்போதும் ஆறித்தான் போயிருந்தது. திரும்பும்போது எண்ணிப் பார்த்தாள். பதினான்கு அடியில் தாண்டுகிற இடத்துக்கு இருநூற்றுப் பத்து அடி ஆனது. யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிறது, கால் குட்டையாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் டயர் கடைக்காரர். வாரம் நாலு ஜோடி சக்கரங்களை ரிம்காரரிடம் அனுப்புகிறவர் அவர்தான். ஒருநாள் அவசரமாகப் பாத்ரூம் எங்கே என்று கேட்டு உள்ளே போனவர், முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். நடையின் தரையை விரலால் தொட்டு, தூசியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "சக்கரம் ஓடின தூரம் வேற எங்கய்யா போகும்? பழைய பெயிண்ட்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நீ காய்ஞ்ச தேய்ப்பு தேய்க்கிற, உதிர்ந்து வீட்டுக்குள்ள படியுது. தண்ணி விட்டுத் தேய்ச்சா சாக்கடையோட போயிடும்" என்றார். டயரில் காற்று எவ்வளவு வைக்கலாம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

தையல்காரம்மா அன்றே ஒரு முறம் தூசியைக் கூட்டி அள்ளிக்கொண்டுபோய்ப் பின்சந்தில் கொட்டினாள். மறுநாள் சந்து நீண்டுவிட்டது. பால்காரர் உள்ளே வர மாட்டேன் என்று முனையிலேயே சைக்கிளை நிறுத்திக்கொண்டார். அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்து வந்து, உங்க தூரத்தை உங்க வீட்டிலேயே வச்சுக்கோங்க என்று சத்தம் போட்டார்கள். அதுவும் நியாயந்தான் என்று அவளே கூட்டித் திரும்ப அள்ளிவந்தாள். மிச்சம் இருந்தது ஒரே வழி, தண்ணீர். தண்ணீர்க் குழாயோ குளியலறையில்தான் இருந்தது. அவர் வந்து கேட்டால் சரி என்று சொல்லிவிடலாம் என அவள் காத்திருந்தாள். அவளாக வாய் திறந்து சொன்னால் அங்கே போய்த் தேய்க்கலாம் என அவர் காத்திருந்தார். இரண்டு பேருக்கும் நாக்கு இருந்தது. இரண்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இப்படியே ஐந்து வருஷம் போனது.

அந்த ஐந்து வருஷத்தில் தொழில் நன்றாக நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னறையின் உத்தரத்தில் கொக்கி போட்டு வரிசையாக ரிம்கள் தொங்கின. வந்த ஒவ்வொரு காரும் தன் பங்கை வைத்துவிட்டுப் போனது. டாக்சிகள் நூறு இருநூறு மீட்டர். மருந்து விற்கிற பிரதிநிதி ஒருவரின் கார் மட்டும் ஒரே வாரத்தில் இரண்டு கிலோமீட்டர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போகாத ஒரு டாக்டருடைய காரிலிருந்து மூன்று முழந்தான் கிடைத்தது. சாமான்களும் சுவரின் உயரமும் அப்படியே இருந்தன, இடைவெளிதான் வளர்ந்தது. தையல்காரம்மா சமையலறைக்குப் போய்வரச் சைக்கிள் வாங்கினாள். பிறகு அதுவும் கட்டுப்படியாகாமல் அடுப்பைப் பின்னறைக்கே கொண்டுவந்துவிட்டாள். அவர் கடைச் சாப்பாட்டுக்கு மாறினார். படுக்கையறை இருவருக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஒருநாள் வேலை அதிகம் என்று அவர் முன்னறையிலேயே படுத்தார், அடுத்த நாள் அங்கே வேலை இல்லாமலும் படுத்தார்.

குரல் போய்ச்சேர நேரம் பிடித்தது. காலையில் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் மறுநாள் சாயங்காலம் அவர் காதில் விழும். ஒரு தடவை அவள் ஆத்திரத்தில் சொன்ன சொல் நாலு நாள் கழித்துப் போய்ச்சேர்ந்தது. எதுக்கு அப்படிச் சொன்னே என்று அவர் கேட்டது திரும்பி வந்தபோது அவளுக்கே காரணம் மறந்துபோயிருந்தது. தெருவில் சில கணவன்மார்கள் இதைக் கொடுத்துவைத்த குடும்பம் என்றார்கள். போன் செய்தால், நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள்.

வெளிவழியாகப் போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. போனார்கள். அதில்தான் சிக்கலே. தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் ஏறியதும் அவள் வாடிக்கையாளராகிவிடுவாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து, நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "வாங்க மேடம், எத்தனை இன்ச்?" என்று கேட்பார். அவளும் ஏதோ ஓர் அளவைச் சொல்லி, வெள்ளியா கறுப்பா என்று பேசி, ரசீது வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள். அவர் பின்வாசலுக்கு வந்தாலும் அதே கதைதான். அவள் இன்ச் டேப்பை எடுப்பாள். இரண்டு பேர் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. தெருவழியாக வந்தவர்களைத் தெருவில் போகிறவர்களாகத்தான் அந்த வீடு ஏற்றுக்கொண்டது.

ஆறாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, பின்வாசலில் ஒருவர் வந்து நின்று வேலைக்குப் போட ஒரு சட்டை வேண்டும் என்றார். சீருடை மட்டுந்தான் தைப்பது என்று சொல்ல வந்தவள், ஏனோ சரி என்றாள். கழுத்து, மார்பு, கை என்று அளந்து நோட்டில் எழுதினாள். "வியாழக்கிழமை வாங்க சார்." அவர் சரிங்க என்று போய்விட்டார். மறுநாள் துணியை விரித்துச் சாக்குக்கட்டியோடு நோட்டைப் பார்த்தாள். 'இடது தோள் முக்கால் அங்குலம் இறக்கம்' என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அதை டேப் வைத்து அளந்த ஞாபகம் அவளுக்கு இல்லை. பதினெட்டு வருஷம் பெயிண்ட் அடிக்கிற குழாயைச் சுமந்து இறங்கிய தோள் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தத் தோளுக்காக எத்தனை சட்டைகளை இறக்கித் தைத்திருக்கிறாள்!

சாக்குக்கட்டியைப் போட்டுவிட்டுத் தெருவழியாக ஓடினாள். நூற்று நாற்பது தப்படி. முன்வாசல் படியில் கால் வைத்ததும் எதற்கு வந்தோம் என்பது போய்விட்டது. "வாங்க மேடம், எத்தனை இன்ச்?" பதினஞ்சு என்று தன் வாய் சொல்வதைத் தானே கேட்டாள். ரசீதோடு பின்னறைக்கு வந்து, விரித்துக் கிடந்த துணியைப் பார்த்ததும் எல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. மெஷின் மேல் தலையைச் சாய்த்து நெடுநேரம் அழுதாள். கூடவே வாழ்ந்த மனுஷனைச் சார் என்று கூப்பிட்டு அனுப்பிவிட்டோமே என்ற வேதனை அவளுக்குத் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்தத் தோளைப் பார்த்தாலும் யாருடையது என்று தெரியாமல் போகும். அந்தப் பயந்தான் அவளை எழுப்பி நிற்க வைத்தது. சட்டையைத் தைத்து முடித்தாள். ரொட்டி, பிஸ்கட், இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு போர்வை. புதன்கிழமை விடிந்ததும் உள்வழியாக நடக்க ஆரம்பித்தாள். சைக்கிள் டயர் எப்போதோ இற்றுப்போயிருந்தது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் சமையலறை வந்தது. டப்பாக்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. தரையில் ஒரு சாண் நீளத்துக்கு இருந்த விரிசல் இப்போது ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூடவே வந்தது. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் குளியலறை. புண்ணியமாகப் போயிற்று. முப்பத்தொன்றில் படுக்கையறை. கட்டிலில் தூசி விரல்கடை அளவு படிந்திருந்தது. நின்று, விரிப்பை உதறி மாற்றி, இரண்டு தலையணைக்கும் உறை போட்டுவிட்டுத்தான் மேலே நடந்தாள். அதற்கப்புறம் வெறும் நடை; இரண்டு பக்கமும் வெளிர்ப்பச்சைச் சுவர், எப்போதாவது ஓர் ஆணி. குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. திரும்பிவிடலாமா என்று ஒருமுறைகூட அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு முறை நினைத்தாள்.

ஆறாம் நாள் காலை, நாற்பத்து நாலாவது கிலோமீட்டரில், எதிரே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி ஆளாகி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. அவருக்கு முட்டி வலி; ஆறு நாளில் பத்தொன்பது கிலோமீட்டர்தான் வந்திருந்தார். அவள் நின்றுவிட்டாள். எத்தனை இன்ச் என்று இங்கேயும் கேட்டுவிட்டால் போக வேறு இடமில்லை. அவர் கிட்டே வந்து, மூச்சு வாங்கி, முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்.

"உனக்கு அறிவிருக்கா? செருப்பு போடாம இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க?"

"வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாங்களா?" என்றாள் அவள். ஐந்து வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் திட்டு அது. அவள் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பெயிண்ட் துடைக்கிற துணியில் சுத்தமான மூலையாகத் தேடினார்.

"நீங்க எங்க கிளம்பினீங்க?"

"சோப்பு தீர்ந்துபோச்சு. உங்கிட்ட இருக்குமேன்னு."

முன்வாசலிலிருந்து எட்டடியில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அதில் நாலு வகைச் சோப்பு விற்கிறார்கள். அது அவளுக்குத் தெரியும். "காய்ஞ்ச தேய்ப்புக்கு எதுக்குங்க சோப்பு?" என்று கேட்டாள். அவர் துணியின் மூலையைத் திருப்பிப் பார்த்தார். அவளே சொன்னாள்: "பாத்ரூம்லயே வச்சுத் தேய்ச்சுக்கோங்க. அடைச்சா குத்திக்கலாம்." அவர் தலையை ஆட்டினார். இவ்வளவுதான் விஷயம். இதற்கு அறுபத்து மூன்று கிலோமீட்டர் ஆகியிருந்தது.

அவர்கள் அங்கிருந்து முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கால் ஆறட்டும் என்று ஒரு வாரம் இருந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. நாலு பழைய சக்கரத்தை வைத்து அவர் ஒரு தள்ளுவண்டி செய்தார். கட்டில், அடுப்பு, தையல் மெஷின் எல்லாம் நாற்பத்து நாலாவது கிலோமீட்டருக்கு வந்துசேர எட்டு மாதம் பிடித்தது. குளியலறையிலிருந்து ரப்பர் குழாய் இழுத்தார்கள். காலையில் குழாயைத் திறந்துவிட்டால் மத்தியானத்துக்குத் தண்ணீர் வரும். இப்போது அவர் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறார். வீடு அதற்குமேல் ஓர் அங்குலம் வளரவில்லை. வளர்ந்ததைக் குறைக்க யாரும் முயலவில்லை. வெளியே போக வேண்டியிருந்தால் இருவரும் ஒரே கதவு வழியாகப் போய் அதே கதவு வழியாகத் திரும்புகிறார்கள்.

தொழில் நடக்கிறது. வாடிக்கையாளர்கள் பழைய சக்கரங்களை முன்வாசலில் நிறுத்தி, பெயரெழுதிய அட்டையைக் கட்டி, லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும். அவை நடைக்குள் தாமாகவே உருண்டு போகின்றன. அந்தத் தூரம் அவற்றின் இனத்துடையதுதானே, வழி தெரிகிறது. பெயிண்ட் அடித்து முடித்த சக்கரங்களுக்கு எந்த வழியும் தெரியாது. அவற்றை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். தள்ள ஓர் ஆள் போதும். தையல்காரம்மா தனியாக வந்தால் ஒரே நாளில் வந்துவிடலாம். ஆனால் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், முட்டி வலிக்கிறபோதெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து. அதனால் டெலிவரிக்கு இரண்டு நாள் கூடுதலாகும் என்று முன்வாசல் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள், சரி, இரண்டு நாள்தானே என்று போய்விடுகிறார்கள்.